கோயில் இல்லாத ஊருக்கு நடக்கப் போனேன்

அடி என் அன்புச் சரோஜா,

மூங்கில்மேட்டுக்குப் போய்விட்டு வந்தேன். நிஜமாகத்தான். "அடுத்த லீவுக்குக் கட்டாயம்டி" என்று சொல்லிச் சொல்லியே உன்னை வருஷக்கணக்கில் காக்கவைத்தவள் நான். என் வாயிலிருந்து வருகிற எதையும் நீ நம்பவேண்டிய அவசியமில்லை. ஆனாலும் நம்புவாய். உன்னிடம் எனக்கிருந்த ஒரே தொல்லை அதுதான்.

நம் ஆபீஸ் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டார்கள். பணியில் கிடைத்த அனுபவம் எதையாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே உன் பெயர் வந்துவிட்டது. நாலு பேர் படிக்கிற இடத்தில் இதையெல்லாம் எழுதலாமா என்று யோசித்தேன். தனியாகச் சொல்ல எனக்கு எத்தனை சந்தர்ப்பம் கொடுத்தாய்! அப்போது சொல்லாதவள் இப்போது நாலு பேர் முன்னால் சொல்வதுதான் நியாயம்.

படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நீ பொறுத்துக்கொள். நானும் சரோஜாவும், வெளியூர் டெலிபோன் பேச்சை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் பக்கத்துப் பக்கத்துப் போர்டு. அவள் ராயப்பேட்டை, நான் மயிலாப்பூர். அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்கு வீட்டுக்காரர், மாமியார், ரமணி என்று ஒரு பிள்ளை. அறுபத்தெட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், காதில் மாட்டுவதைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு விழித்தேன். அவள்தான் திருப்பி மாட்டிவிட்டு, "இன்னா கோமு, ஐயர் ஊட்டுப் பொண்ணா? பயப்படாத, லைன்ல ஆசாரம் பாக்க முடியாது" என்றாள். கோமளா என்ற என் பெயர் அன்றோடு சரி.

மலையேறும் பைத்தியம் உனக்கு எப்போது பிடித்தது என்று நீ சொன்னதே இல்லை. பிறந்ததிலிருந்து ராயப்பேட்டைச் சந்தைக்கும் ஆபீஸுக்கும் இடையில் வாழ்ந்தவள் நீ. மலையைக் காலண்டரில்தான் பார்த்திருந்தாய். ஒருநாள் டிபன் டப்பாவைத் திறந்தபடி திடீரென்று சொன்னாய்: "ஒரு ஊரு வேணும்டி. மலை மேல. சத்தமே இருக்கக் கூடாது. நாலு நாள் நடக்கணும். எதுக்குன்னு கேக்காத. சும்மா நடக்கணும்." எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அது வேண்டியிருந்தது என்று அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது.

ஊட்டி போகலாமே என்றேன். நீ பார்த்த பார்வை! "ஊட்டில கீற ஜனம் மொத்தமும் மெட்ராஸ் ஜனம்தான். அதுக்குப் பனகல் பார்க்குலயே சுத்திக்கினு இருக்கலாம்." உடனே உன் கணக்கைச் சொன்னாய். சீசன் வந்தால் ஊட்டியிலிருந்து அழைப்பு கொட்டும். கொடைக்கானலிலிருந்து புதுசாகக் கல்யாணமானவர்கள் தினமும் அம்மாவுக்குப் பேசுவார்கள். ஏற்காட்டிலிருந்து ஹாஸ்டல் பிள்ளைகள் அழும். "எந்த ஊருக்குப் போனவன் ஊட்டுக்குப் பேசணும்னு நினைக்கறதே இல்லையோ, அதான்டி நிம்மதியான ஊரு." இப்படி ஊர் தேட மெட்ராஸில் யாருக்குத் தோன்றும்? நம்மைப் போல நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைச் சேர்த்துவைப்பவர்களுக்குத்தான் தோன்றும்.

காலையில் போர்டில் உட்கார்ந்ததும் ஒவ்வொரு லைனாகப் பேசிப் பார்க்கவேண்டும், உயிரோடு இருக்கிறதா என்று. அந்த அரை நிமிஷத்தில் நீ விசாரிப்பாய். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பியதும், "ஹலோ, உங்க பக்கத்துல கால் வராத ஊரு எது சார்?" சேலத்து ஆபரேட்டர் ஒருவர் கோபித்துக்கொண்டார். கோயம்புத்தூரில் ஒருவர் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிறாயா என்று கேட்டார். திண்டுக்கல்காரர்தான் சிரித்துவிட்டு, "மூங்கில்மேடுன்னு ஒண்ணு இருக்குங்க. போஸ்டாபீஸ்ல ஒரு போன். மாசத்துக்கு நாலு கால் வந்தா அதிசயம்" என்றார்.

நீ போர்டிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாய். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். அதற்கப்புறம் திண்டுக்கல்காரரைக் கெஞ்சி, வாரத்துக்கு ஒரு தரமாவது மூங்கில்மேட்டைப் பிடித்துவிடுவாய். அங்கே போஸ்ட்மாஸ்டர் பேசுவார். இருமிக்கொண்டே பேசுவார். "இன்னைக்கு மேகம் ஜன்னலுக்குள்ள வந்துருச்சுங்கம்மா" என்பார். "பூண்டு நடவு நடக்குதுங்க" என்பார். நீ அதை என்னிடம் சொல்வதற்குள் பத்து லைன் குறுக்கே வரும். "மேகம் உள்ள வந்துச்சாம்டி" என்று நீ சொல்லும்போது மணி மூன்று ஆகியிருக்கும், மேகம் போயே போயிருக்கும்.

பாண்டி பஜாரில் ஷூ வாங்கப் போனது ஞாபகமிருக்கிறதா? புடவை கட்டிய பொம்பளைகளுக்கு எவன் கான்வாஸ் ஷூ செய்கிறான்? பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் வெள்ளை ஷூதான் கிடைத்தது. கடைக்காரர் தெற்கத்தி ஆள். "பிள்ளை எந்த வகுப்பு படிக்கு?" என்றார். நீ முகம் மாறாமல், "எட்டாவது. ரெண்டு தபா ஃபெயில்" என்றாய். "பிள்ளையக் கூட்டிட்டு வந்தா அளவு பாத்துருக்கலாம்லா?" என்று அவர் ஆதங்கப்பட்டதும் காலை எடுத்து ஸ்டூல் மேல் வைத்தாய். "இதான் பிள்ளை. அளவு பாருங்க." அவர் சிரித்ததில் கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் துணிக்கடைப் பக்கம் நகர்ந்துவிட்டேன், உன்னைத் தெரியாத மாதிரி. நான் எப்போதும் அப்படித்தானே.

உன் ஷூவை அங்கேயே மாட்டிக்கொண்டு புறப்பட்டாய். நான் என்னுடையதை ஆபீஸ் லாக்கரில் பூட்டினேன். மயிலாப்பூரில் எங்கள் தெருவில் நான் ஷூ போட்டு நடந்தால் கபாலி கோயில் தேர் வந்த மாதிரி சனம் கூடும்.

மலைக்குப் பழகவேண்டுமே, மெட்ராஸில் மேடு ஏது? தோசைக்கல் மாதிரி ஊர். கடைசியில் அடையாறு பாலத்தைப் பிடித்தோம். ஞாயிற்றுக்கிழமை டூட்டி முடிந்ததும், வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு, பாலத்தில் ஏறுவோம், இறங்குவோம், மறுபடி ஏறுவோம். ஐந்தாவது தடவை ஒரு போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார்.

"இன்னாம்மா, நானும் அப்பத்துலருந்து பாத்துகினு கீறேன். போறீங்க, வரீங்க, தண்ணியப் பாக்கறீங்க. ஊட்ல எதுனா சண்டையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். மலையேறப் போறோம், பழகிக்கினு கீறோம்."

"மலையா? இங்க ஏதும்மா மலை?"

"இல்லாததனாலதான் சார் பாலத்துல ஏறிக்கினு கீறோம்."

அவர் நம்பவில்லை. இரண்டு பேரையும் பஸ் ஸ்டாப் வரை கொண்டுவந்து விட்டு, பஸ் கிளம்புகிறவரை நின்றார். "தங்கச்சிங்களா, எது வந்தாலும் காலைல சரியாப் போயிடும்" என்று புத்தி வேறு சொன்னார். நீ லஸ் வரும்வரை சிரித்தாய்.

இதுவரைக்கும் உனக்குத் தெரியும். இனிமேல் சொல்வதில் பாதி உனக்குத் தெரியாது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் ஊருக்குப் போக மூன்று காரணம்தான் உண்டு. கல்யாணம், காரியம், கோயில். நடப்பதற்காக ஒருத்தி ரயிலேறுகிறாள் என்றால் என்ன அர்த்தம்? அதுவும் ஆண்துணை இல்லாமல்? கேட்கவே பயந்துகொண்டு இரண்டு வருஷத்தை ஓட்டினேன். ஒரு வருஷம் ரமணிக்குப் பரீட்சை என்றேன், ஒரு வருஷம் நாத்தனாருக்குப் பிரசவம் என்றேன். அவை ஓரளவு உண்மை. மூன்றாம் வருஷம் இருவருக்கும் லீவு சேர்ந்து கிடைத்தது. ரயில் டிக்கெட் வாங்கி நீ உன் பர்ஸில் வைத்திருந்தாய். இனி தப்ப முடியாது என்று மாமியாரிடம் போய், நானும் சரோஜாவும் ஒரு மலைக்குப் போகிறோம் என்றேன்.

"மலையா? எந்தக் கோயில்?" என்றார்.

நாக்கில் சனி. "முருகன் கோயில்மா. சுயம்புவாம்" என்றேன். அதோடு விட்டேனா? "வேண்டிண்டா நடக்கறதாம். ஆபீஸ்ல எல்லாரும் சொல்றா." மலை என்றால் முருகன் இருக்கத்தானே வேண்டும் என்று எனக்கு ஒரு சமாதானம்.

மாமியார் கையைக் குவித்துக் கும்பிட்டார். "முருகா! ரமணிக்கு முடி இறக்கறதா ஒரு வேண்டுதல் பாக்கி நிக்கறதே. எல்லாருமாப் போயிட்டு வந்துடலாம்." கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. அன்று மாலைக்குள் தாம்பரத்து நாத்தனாருக்குச் சொல்லியாகிவிட்டது. அவள் நாலு குழந்தைகளோடு வருவதாகச் சொல்லி அனுப்பினாள். மறுநாள் பரணிலிருந்து குமுட்டி அடுப்பு இறங்கியது, பொங்கல் வைக்க. யாரும் வீட்டுக்குப் பேச நினைக்காத ஊர் என்று நீ தேடிக் கண்டுபிடித்த இடத்துக்கு ஒரு வீடே கிளம்பிவிட்டது. பதினோரு பேர்.

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குப் பொய் தண்ணீர்பட்ட பாடு, உண்மைதான் தொண்டையில் நிற்கும். வீட்டில், "கோயில்ல திருப்பணி நடக்கறதாம், பாலாலயம் பண்ணிச் சன்னிதியை மூடிட்டாளாம்" என்றேன். உன்னிடம், "ரமணிக்குப் பொன்னுக்கு வீங்கிடி. கன்னம் இப்படி இருக்கு. வரமுடியாது" என்றேன்.

நீ உடனே, "புள்ளையப் பாருடி மொதல்ல" என்றாய். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றாய்.

மறுநாள் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் நின்றாய். ராயப்பேட்டையிலிருந்து நடந்தே வந்திருக்கிறாய், அந்த வெள்ளை ஷூவில். கையில் ஒரு கொத்து வேப்பிலை. ஒரு கைக்குட்டை, அதன் முடிச்சை அவிழ்த்தபடியே உள்ளே வந்தாய். அதில் உன் அம்மாவின் தங்கச் சங்கிலி இருந்தது. பொன்னுக்கு வீங்கிக்குக் கழுத்தில் பொன் போட்டால் இறங்கும் என்பார்களே. அதற்காக எடுத்துவந்திருந்தாய். உன்னிடம் இருந்த ஒரே பொன் அது.

வாசல் கேட்டைத் திறந்துவிட்டவனே ரமணிதான். தோளில் கிரிக்கெட் மட்டை, கன்னம் இரண்டும் ஒட்டிக் கிடக்கிறது. கூடத்திலிருந்து நான் எழுந்து வந்தேன். நீ ரமணியைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், கைக்குட்டையை மறுபடி முடிந்துகொண்டாய்.

"வாம்மா, என்ன வேப்பிலையும் கையுமா?" என்றார் மாமியார்.

"சும்மாதான் மாமி. இந்தப் பக்கம் வந்தேன். வாசல்ல கட்டுவீங்களேன்னு. ஒரு வாய் தண்ணி குடுங்க."

தண்ணீர் குடித்தாய். ரமணியிடம் எத்தனை ரன் என்று கேட்டாய். கேட் வரை நான் கூட வந்தேன். நீதான் பேசினாய். "புள்ள நல்லாக் கீறான் இல்ல? அது போதும்டி."

சரோஜா, அன்றைக்கு நீ என்னைத் திட்டியிருக்கலாம். தெருவில் நின்று நாலு கேள்வி கேட்டிருக்கலாம். உன் வாய்க்கு அது முடியாதா? மறுநாள் போர்டில் உட்கார்ந்ததும் வழக்கம்போல, "மேகம் இன்னிக்கு வரலையாம்டி" என்றாய். அதற்கப்புறம் டிக்கெட் பேச்சை எடுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிடவும் இல்லை. நீ தனியாகப் பாலத்துக்குப் போய்க்கொண்டிருந்தாய் என்பதே எனக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் உன் கண் மஞ்சளாயிற்று. கீழாநெல்லி குடித்தால் சரியாகும் என்று டூட்டிக்கு வந்துகொண்டிருந்தாய். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நாள் கடந்துவிட்டிருந்தது. பார்வை நேரம் முடிந்து நான் ஓடிவந்த அன்று வாசலில் காவல்காரர் தடுத்தார். "சொந்தக்காரங்க மட்டும்தான். நீங்க இன்னா வேணும்?" என்றார். தங்கச்சி என்றேன். என் மூக்குத்தியையும் நான் பேசின தமிழையும் வைத்துப் பார்த்தால் எந்தக் காவல்காரரும் அதை நம்பியிருக்கக்கூடாது. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சரி, அஞ்சு நிமிஷம்" என்று விட்டார்.

அன்று சொல்லிவிடவேண்டும் என்றுதான் வந்தேன். "சரோஜா, அன்னிக்கு ரமணிக்கு..." என்று ஆரம்பித்தேன். நீ கண்ணைத் திறக்காமலே, போர்டில் நேரம் முடிந்த காலை வெட்டும் குரலில், "மூணு நிமிஷம் முடிஞ்சிது மேடம்" என்றாய். உன் உதட்டில் சிரிப்பு இருந்தது. நானும் சிரித்துவிட்டேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்து வந்தேன். மறுநாள் நான் வந்தபோது அந்தக் கட்டிலில் வேறு விரிப்புப் போட்டிருந்தார்கள்.

தெரிந்துகொண்டேதான் என்னைப் பேசவிடாமல் நிறுத்தினாயா?

பதினாறாம் நாள் உன் அண்ணி என்னைக் கூப்பிட்டு உன் ஷூவைக் கொடுத்தாள். "ஞாயித்துக்கெழம தவறாம பாலத்துக்குப் போட்டுக்கினு போவா. இத இங்க எவ போடப் போறா? நீயே எடுத்துக்கினு போ" என்றாள். அடிப்பாகம் தேய்ந்து இரண்டு இடத்தில் ஓட்டை. ஓட்டைக்கு மேல், உள்ளே, பழைய டிரங்க் கால் சீட்டுகளை மடித்து வைத்திருந்தாய். எவ்வளவு நடந்திருக்கிறாய் நீ! எத்தனை ஞாயிறு போனாய்? அதை ஆபீஸுக்குக் கொண்டுபோய் லாக்கரில் என்னுடையதன் பக்கத்தில் வைத்தேன். என்னுடையது கடையில் வாங்கிய வெள்ளையோடு அப்படியே இருந்தது. லாக்கரை அதற்கப்புறம் அதிகம் திறக்கவில்லை.

மூன்று வருஷம் போயிற்று. ஆபீஸ் நிறைய மாறிவிட்டது சரோஜா. இப்போது பெரிய ஊர்களுக்கு வீட்டிலிருந்தே நம்பரைச் சுழற்றிப் பேசிவிடுகிறார்கள். நம் போர்டில் பாதி காலி. உன் இடத்தில் வேலூர்ப் பெண் ஒருத்தி உட்காருகிறாள், நல்ல பெண், மெதுவாகப் பேசுகிறாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

போன தை மாசத்தில் ஒருநாள் திண்டுக்கல் கூப்பிட்டு, "மூங்கில்மேடு லைன்ல இருக்குங்க, உங்களத்தான் கேக்குறாரு" என்றது. அதே இருமல். "ரெண்டு பேரு வர்றேன்னு சொன்னீங்க, வரவே இல்லையேம்மா. அடுத்த மாசம் எனக்கு இங்க வேலை முடியுதுங்க. காட்டிக்குடுக்க ஆள் இருக்கையிலேயே வந்துட்டுப் போங்க." அப்புறம் கேட்டார்: "அந்தம்மா, கணீர்னு பேசுவாங்களே, சௌக்கியமா இருக்காங்களா?"

"சௌக்கியம்" என்றேன்.

பார்த்தாயா? மறுபடியும். சுருதி தப்பாமல் அதே பொய். லைனை வெட்டிவிட்டேன். அந்த வேலூர்ப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அன்று லாக்கரைத் திறந்து இரண்டு ஜோடியையும் பையில் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் மாமியார் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் எதிரில் ஷூவை வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"அம்மா, நான் நாலு நாள் ஒரு மலைக் கிராமத்துக்குப் போறேன்."

"எந்தக் கோயில்?"

"கோயில் இல்லை."

"யாருக்காவது கல்யாணமா?"

"இல்லைம்மா. நடக்கப் போறேன்."

"எங்கே?"

"எங்கேயும் இல்லை. சும்மா நடக்க."

அவர் ஒரு பூவிலிருந்து கள்ளன் நரம்பை எடுத்துப் போட்டார். இன்னொன்றை எடுத்தார். நாற்பதை நெருங்குகிறவள், சம்பாதிக்கிறவள், தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளைக்கு அம்மா, அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கோயில் இல்லா ஊர்ல குடியிருக்க வேண்டாம்னுதானே சொல்லியிருக்கா" என்றார். "நாலு நாள் நடந்துட்டு வரக்கூடாதுன்னு யார் சொன்னா? மலைன்னா குளிரும். என் கம்பளியை எடுத்துண்டு போ."

அவ்வளவுதான் சரோஜா. அவ்வளவேதான்.

கொஞ்சம் கழித்து, பூவைப் பார்த்தபடியே கேட்டார்: "அந்த ராயப்பேட்டைப் பொண்ணோட போறதா இருந்தியே, அந்த ஊரா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"அன்னிக்குக் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துண்டே வந்தா. உள்ளே சங்கிலி மின்னினதை நான் பார்த்தேன். குழந்தை கழுத்தில போடத்தான் ஒருத்தி தன் சங்கிலியைத் தூக்கிண்டு ஓடி வருவா. நம்மாத்துல யாருக்கு வீங்கித்து? நீயே சொல்லுவேன்னு இத்தனை வருஷமாப் பார்த்தேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமேம்மா" என்றேன்.

"அவளே கேக்கலை. நான் யார் கேக்க?"

அழுதேன் சரோஜா. நீ போனபோது கூட அப்படி அழவில்லை. எந்த வீட்டுக்குப் பயந்து உன்னை ஏமாற்றினேனோ, அந்த வீடு ஒரு கம்பளியைக் கொடுத்து அனுப்பியது. அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால்? பதினோரு பேர் கிளம்பியபோதே, "கோயில் இல்லைம்மா, நானும் சரோஜாவும் நடக்கத்தான் போறோம்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால்? ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். நீ மேகத்தைப் பார்த்திருப்பாய்.

ரமணி ஸ்டேஷனுக்கு வந்து ஏற்றிவிட்டான். பஸ் நிற்கிற இடத்திலிருந்து மூங்கில்மேட்டுக்கு ஐந்து மைல் ஒற்றையடிப் பாதை. எல்லா ஏற்றமும் அடையாறு பாலம் மாதிரி இருக்கும் என்று நாம் நினைத்தோமே, பைத்தியக்காரிகள்! பத்து அடிக்கு ஒரு தரம் உட்கார்ந்தேன். பூண்டுப் பாத்திகள் படிப்படியாக இறங்குகின்றன. அவரைக்கொடி, பேரிக்காய் மரங்கள், ஒவ்வொரு திருப்பத்திலும் தண்ணீர் சத்தம். ஊர் முழுக்க நாற்பது வீடு இருந்தால் அதிகம்.

ஆனால் அமைதி என்று நினைக்காதே. ஓடை ராப்பகலாகப் பேசுகிறது. தவளை, சில்வண்டு, காற்று, சேவல், எல்லாம் சேர்ந்து நம் போர்டு ரூம் தோற்றுவிடும். கால் மட்டும் ஏன் வருவதில்லை தெரியுமா? போஸ்ட்மாஸ்டரே சிரித்துக்கொண்டு சொன்னார். "மாசத்துல இருபது நாளு கம்பி அறுந்து கெடக்குங்கம்மா. மரம் விழும், காட்டுமாடு முட்டும். அப்புறம் கால் எங்கிட்டு வரும்?" நீ கண்டுபிடித்த நிம்மதியின் லட்சணம் அதுதான். அங்கேயே பாறையில் உட்கார்ந்து சிரித்தேன், தனியாக. பக்கத்தில் திரும்பி உன்னைப் பார்த்துவிட்டேன், பழக்கதோஷம்.

அவர் நாம் நினைத்த மாதிரி கிழவரில்லை. சின்ன உருவம், கழுத்தில் மப்ளர். என்னைப் பார்த்ததும் பாதையின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார், இன்னொருத்தி வருகிறாளா என்று. காப்பி கொடுத்தார். அப்புறம், "இன்னைக்கு லைன் உசுரோட இருக்குங்க. வீட்டுக்குப் பேசுறீங்களா?" என்றார்.

"வேண்டாங்க. இங்கேருந்து யாரும் வீட்டுக்குப் பேசறதில்லைன்னுதான் வந்தோம்" என்றேன்.

வந்தோம் என்று சொல்லிவிட்டதை இருவருமே கவனித்தோம். அப்போது சொன்னேன். "அன்னிக்குச் சௌக்கியம்னு சொன்னது பொய்ங்க. அவங்க போய் மூணு வருஷம் ஆச்சு." அவர் மப்ளரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். "அவங்க ஒருத்தருதாங்க இங்க மேகம் வந்துச்சான்னு கேட்டது" என்றார்.

மறுநாளிலிருந்து நடந்தேன். எந்தப் பக்கம் போகட்டும் என்று கேட்டதற்கு அவர் கையைக் காட்டினார். டெலிபோன் கம்பம் நட்ட பாதை, மலைச்சரிவில் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே போகிறது. அதையே பிடித்துக்கொண்டு போனேன். தலைக்கு மேல் இரண்டு கம்பி. உன் குரல் ஏறி வந்த வழி அது. "இன்னா சார், மேகம் வந்துச்சா?" என்று நீ கேட்டது இந்தக் கம்பம், இந்தக் கம்பம் என்று தாண்டித்தானே போயிருக்கும்? ஒவ்வொரு கம்பத்தையும் தொட்டுத் தொட்டு நடந்தேன். மூன்றாம் நாள் மேகம் வந்தது. முதலில் கம்பி மறைந்தது, அப்புறம் கம்பம், அப்புறம் என் கால். நீ சொன்ன மாதிரி சத்தமே இல்லாமல் போய்விட்டது சரோஜா, ஓடை உட்பட, ஒரு ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தில் உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரமணிக்கு வீங்கவில்லை என்றேன். எனக்குப் பயம் என்றேன். நீ குறுக்கே பேசவில்லை.

அங்கே கோயில் நிஜமாகவே இல்லை. வயல் ஓரத்தில் மஞ்சள் பூசிய கல் ஒன்று இருக்கிறது, கூரைகூடக் கிடையாது. பிரசாதம் என்று எதையும் நான் கொண்டுவரவில்லை. மாமியார் கேட்கவும் இல்லை. "கால் வலிச்சுதா?" என்று மட்டும் கேட்டார். வலித்தது என்றேன்.

என் ஷூவை இப்போது பார்க்கவேண்டுமே நீ. செம்மண் ஏறி, ஓரம் கிழிந்து, என்னத்தைத் தேய்த்தாலும் வெளுக்காது. உன்னுடையதன் பக்கத்தில் வாசலிலேயே வைத்திருக்கிறேன், தெரு பார்க்க. எது யாருடையது என்று ரமணிக்கே அடையாளம் தெரியவில்லை.

ஒவ்வொரு தை மாசமும் போவேன், என் முழங்கால் சம்மதிக்கிறவரை. யார் கேட்டாலும் நடக்கப் போகிறேன் என்றே சொல்லுவேன். மேகம் வந்ததா என்று வந்ததும் உனக்குச் சொல்லுவேன். இந்தத் தடவை வார்த்தை தவறமாட்டேன் சரோஜா, நம்பு.

ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரரிடம் சொன்னேனே, நான் சொன்ன அத்தனையிலும் அது ஒன்றுதான் பொய்யில்லை.

உன் தங்கச்சி,
கோமு
மயிலாப்பூர்